காணிப்பாக்கத்துக் கிணற்றடியில் முதலாளியோடு

ஆனி மாதத்தில் சித்தூர்ப் பக்கம் வந்தால் ரோடெல்லாம் மாங்காய் வாசனைதான். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் தொழிற்சாலை வாசல்களில் ராத்திரி பகலாக வரிசை கட்டி நிற்கும். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை அந்த வரிசையை ஒட்டித்தான் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம், நானும் முதலாளியும். சித்தூரிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். குளிருகிறது போல என்று ஏற்றினேன்.

முதலாளிக்கு இப்போது 78 வயது. கண்ணில் நீர் அழுத்தம் கூடி, சொட்டு மருந்துக்கும் அடங்காமல், இரண்டு வருடமாகப் பார்வை இல்லை. வெளிச்சம் மட்டும் புகை மாதிரி தெரியும் என்கிறார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லாமே அவர் கண்ணால் பார்த்துச் சொல்லிக் கொடுத்தது.

1998-இல், பழைய கார் வாங்கி விற்கும் அவருடைய கார் கன்சல்டிங்கில் வண்டி கழுவும் பையனாகச் சேர்ந்தேன். அப்போது யார்டில் நின்றதெல்லாம் அம்பாசடர், பத்மினி, மாருதி 800. எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. வேலூரிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பேச்சு, பலமனேரிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பேச்சு. முதலாளிக்கு இரண்டும் ஒன்றுதான். வண்டியில் என்ன குறை என்பதை முதலில் சொல்வார். விலையை அப்புறம் சொல்வார்.

அவர் வண்டி பார்க்கும் விதமே தனி. மீட்டரைப் பார்க்கவே மாட்டார். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் எங்கே வழவழத்துப் போயிருக்கிறது என்று பார்ப்பார். மீட்டரில் 40,000 என்று இருக்கும், பெடல் ஒரு லட்சம் என்று சொல்லும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படிப்பார். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். நாலு டயரும் ஒரே வயதா என்று அதில் தெரிந்துவிடும். கதவு ரப்பரைப் பிடித்து இழுத்து உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று விரலால் தடவுவார். பானெட் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பேப்பர் விஷயத்தில் இன்னும் கறார். எல்லை ஊரில் இது பெரிய தலைவலி. தமிழ்நாட்டு வண்டியை ஆந்திராக்காரர் வாங்கினால் அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். நிறையப் பேர், ஓனர் பேர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களைக் கையெழுத்தோடு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றிவிடுவார்கள். எங்கேயோ விபத்து நடந்து, வருடம் கழித்துப் பழைய ஓனர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பேர் மாறாத வண்டி நம் யார்டைத் தாண்டக் கூடாது என்பார் முதலாளி. 2009-இல் நான் தனியாகக் கடை போட்டபோது இரண்டு மாருதி 800-ஐப் பணம் வாங்காமல் கொண்டுவந்து நிறுத்தினார். "வித்துட்டு குடு, நைனா" என்றார். எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

காணிப்பாக்கம் வழக்கமும் அவர் கொடுத்ததுதான். எந்த வண்டி வாங்கினாலும் விற்பதற்கு முன் ஒருமுறை பிள்ளையார் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் யார்டுக்கு வரும். அன்றைக்கு நாங்கள் போனதும் நான் புதிதாக வாங்கிய ஒரு ஸ்விஃப்டில்தான்.

கோயிலில் கூட்டம் அவ்வளவாக இல்லை. விநாயக சதுர்த்தி தொடங்கி 21 நாள் பிரம்மோற்சவம் நடக்கும்போது இந்த இடத்தில் கால் வைக்க முடியாது. புஷ்கரிணிப் படியில் முதலாளி கை கால் நனைத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து மெதுவாக நடந்து வந்தார்.

முதலாம் குலோத்துங்கச் சோழன் எழுப்பி, பின்னால் விஜயநகர மன்னர்கள் விரித்துக் கட்டிய கோயில் என்று வரலாறு சொல்கிறார்கள். ஆனால் இங்கே வருகிறவர்கள் மனதில் இருப்பது ராஜாக்கள் இல்லை, அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. காணி நிலத்தில் ஏற்றம் இறைத்துப் பிழைத்தவர்கள். கிணறு வற்றியபோது உள்ளே இறங்கித் தோண்டினார்கள். மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு, தண்ணீரெல்லாம் ரத்தமாகச் சிவந்தது. அந்தக் கணமே மூன்று பேருக்கும் குறை நீங்கியது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து தோண்டப் பார்த்தும் முடியவில்லை, பிள்ளையார் தானாகவே எழுந்து வந்தார். உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் காணிப்பாக்கம். சுவாமி இன்றும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் இருக்கிறார், அந்தத் தண்ணீர்தான் தீர்த்தம். சுவாமி வளர்கிறார் என்பது நம்பிக்கை. எத்தனையோ வருடம் முன்பு ஒரு பக்தை செய்து கொடுத்த வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் பொருந்துவதில்லை.

இன்னொன்றும் உண்டு. காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பேர் போன இடம். எங்கள் பக்கத்தில் பணத் தகராறு, நிலத் தகராறு எதுவானாலும் "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்றியா?" என்றுதான் கேட்பார்கள். புஷ்கரிணியில் முழுகி, சன்னிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் கிழியப் பேசியவர்கள் குளத்தங்கரையிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு திரும்பிய கதைகள் ஏராளம்.

2016-இல் ஒரு காலை நானும் அந்தக் குளத்தங்கரையில் நின்றேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முழுகிய கார்கள் அடுத்த சில மாதங்களில் ஏலத்துக்கு வந்து, புரோக்கர்கள் கை மாறி எங்கெங்கோ போயின. அப்படி ஒன்று மலிவாக என்னிடமும் வந்தது. 1,60,000 ரூபாய். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து, கார்பெட் மாற்றி, உள்ளே வாசனை அடித்து, மேலே 40,000 செலவு செய்தேன். பிள்ளையார் வாசலுக்கு மட்டும் அந்த வண்டியைக் கொண்டுபோகவில்லை. அது எனக்கே அப்போது உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு 3,40,000-க்கு விற்றேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஏ.சி.யில் ஏதோ நாற்றம் வருகிறது என்று வாத்தியார் வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்று மாலை முதலாளி டீ குடிக்க வந்தார். பேசிக்கொண்டே வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், கடைசி வரைக்கும். பெல்ட்டின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே முழுக்கச் சேறு காய்ந்த நிறம். அங்கே கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பெல்ட்டை விட்டார், அது உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டது. பையன்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காலைல காணிப்பாக்கம் போலாம், நைனா" என்றார்.

மறுநாள் கோயிலுக்கு வெளியே, பாஹுதா நதிக்கரையில் உட்கார வைத்து அந்த நதியின் கதையைச் சொன்னார். சங்கர், லிகிதர் என்று அண்ணன் தம்பி யாத்திரை வந்தார்கள். பசி தாங்காமல் லிகிதர் ஒரு தோப்பில் மாம்பழம் பறித்துவிட்டார். கேட்காமல் எடுத்தது தப்பு, ராஜாவிடம் போய்ச் சொல் என்றார் அண்ணன். ராஜா இரண்டு கையையும் வெட்டச் சொல்லிவிட்டான். பிறகு இந்த நதியில் முழுகி எழுந்தபோது கைகள் திரும்ப வந்தன. பாஹு என்றால் கை, கை கொடுத்த நதி.

"ஒரு மாங்காதான் நைனா" என்றார். "ஒண்ணே ஒண்ணு."

சத்தியம் பண்ணு என்று அவர் சொல்லவில்லை. "உள்ள போய்க் கும்பிட்டுட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். குளத்தங்கரை வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பி வந்து, வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். என்னிடம் இரண்டு லட்சம் இருந்தது. மீதி 1,40,000-ஐ முதலாளி தன் வீட்டிலிருந்து எடுத்து வந்து என் கையில் வைத்தார். வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பணத்தை இரண்டு முறை எண்ணினார், சாவியைக் கொடுத்தார், கதவைச் சாத்திக்கொண்டார். அது நியாயம்தான். அந்த வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிட்டேன். முதலாளியின் பணத்தைப் பதினாலு மாதத்தில் திருப்பிக் கொடுத்தேன். ஒரு முறைகூட அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை அதே சன்னிதியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். "இன்னா பூ போட்டிருக்காங்க?" என்று கேட்டார். செவ்வந்தி என்றேன், நடுவில் அருகம்புல் மாலை. "தண்ணி தெரியுதா?" தெரிகிறது என்றேன். அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று பேரில் ஒருவனுக்குக் கண் கொடுத்தாய், இவருக்கும் கொடு என்று வாய்விட்டே கேட்டேன்.

வெளியே மண்டபத்தில் உட்கார்ந்தபோது நான் கேட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. "எங்கப்பா ஏத்தம் மிதிச்சவரு" என்றார். "கண்ணு தெரியாதவன மேல ஏத்த மாட்டாங்க, கீழதான் நிக்க வெப்பாங்க. தண்ணி செவந்தத அவன் எங்க பாத்திருக்கப் போறான்? மம்முட்டி கல்லுல பட்ட சத்தம் மாறிச்சு பாரு, அத மொதல்ல கேட்டவன் அவனாத்தான் இருப்பான்."

வண்டிக்குப் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண் மூடியிருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது குடியாத்தத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இந்த ஸ்விஃப்டைத்தான் கேட்டார். முன் பம்பர் மாற்றியது, இடது பக்கக் கதவு பெயின்ட் அடித்தது, இரண்டு டயர் இன்னும் ஆறு மாதம்தான் வரும், தமிழ்நாட்டு நம்பரே என்பதால் அவருக்கு என்.ஓ.சி. தொல்லை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். விலை சொல்லப் போனபோது முதலாளி என் முழங்கையைத் தொட்டார்.

"முன்னாடி எடது வீல் பேரிங் ஊளையிடுது நைனா. வரும்போதே கேட்டுது. அதயும் சொல்லிடு."

சொன்னேன்.