இசப்கோல்: தண்ணீரில் கோட்டை விட்ட முதல் வாரம்

மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கிற இசப்கோல் உமி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். வாங்குவதில் சிரமமே இல்லை, கலக்கும்போதுதான் சிரமம்.

முதல் வாரத்தைக் கெடுத்தது அரை டம்ளர் தண்ணீர். இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி வைத்துவிட்டுப் பல் தேய்த்துத் திரும்பினால், டம்ளரில் சுவரொட்டி ஒட்டுகிற பசை. அதை வழித்து விழுங்கியதற்குப் பலன், இருந்த மலச்சிக்கல் இன்னும் இறுகியதும் வயிறு உப்பியதும்தான். இந்த உமி தண்ணீரை இழுத்துப் பல மடங்கு ஊதும். தண்ணீர் போதாவிட்டால் வழவழப்பான கூழாகாமல் கட்டியாகிவிடும். தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளவும் கூடும். உலர்ந்த உமியை வாயில் கொட்டிக்கொள்வது கூடவே கூடாது.

சரியாக வந்த அளவு: ஒரு டீஸ்பூன் உமி, 250 மி.லி. தண்ணீர். நாலு சுற்றுச் சுற்றி உடனே குடித்துவிட வேண்டும். அடியில் ஒட்டியதை இன்னொரு டம்ளர் தண்ணீரில் அலசி அதையும் குடிக்கவும். வெந்நீரில் சீக்கிரம் இறுகும், பொடியாக வாங்கினால் அதைவிடச் சீக்கிரம்.

அடுத்த தப்பு அவசரம். மறுநாள் காலையே ஒன்றும் நடக்கவில்லையே என்று அளவைக் கூட்டியது. இது பேதி மாத்திரை இல்லை, வேலை செய்ய 12 முதல் 72 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் கூட்டினால் போதும். முதல் சில நாள் வாயுத்தொல்லை இருக்கும், பிறகு அடங்கும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை இந்தக் கூழில் சிக்கி, உடம்பில் முழுசாகச் சேராது. மற்ற மாத்திரைகளுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றியதும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. குடித்த கையோடு படுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆரஞ்சுச் சுவை வகைகளில் சர்க்கரை இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கவும். விழுங்கச் சிரமம், முன்பு குடல் அடைப்பு, மலத்தில் ரத்தம், இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

ஈர ஸ்பூனை டப்பாவுக்குள் விடாதீர்கள். உமி கட்டி தட்டிவிடும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.