வேறு கட்சியின் வாக்குச்சீட்டு

2023 அக்டோபர் முதல் வாரம். வேலைக்குப் போகிற வழியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான நாஷுவாவின் நகர மன்றத்துக்குள் நுழைந்து, ஜன்னலில் அடையாள அட்டையைக் காட்டி ஒரு படிவம் வாங்கினேன். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து நான் ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவாகியிருந்தேன். அதை ‘அன்டிக்ளேர்ட்’, அதாவது எந்தக் கட்சியும் சாராதவர் என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மூன்று வாரம் யோசித்திருந்தேன்.

அப்போது போகாமல் விட்டிருந்தால் அவ்வளவுதான். அடுத்த ஜனவரியில் நடக்கவிருந்த அதிபர் ப்ரைமரிக்காக, அதாவது ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்காக, கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ள அக்டோபர் 6 கடைசி நாள். தேர்தலுக்கு மூன்று மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். யாரெல்லாம் போட்டியிடப் போகிறார்கள் என்பதே முழுதாகத் தெரியாத நேரம் அது. கடைசி நிமிடத்தில் ஒரு கட்சிக்காரர்கள் கூட்டமாகப் போய் இன்னொரு கட்சியின் வேட்பாளரைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

நியூ ஹாம்ப்ஷயரில் வாக்காளர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் அன்டிக்ளேர்ட். இரண்டு பெரிய கட்சிகளில் எதை எடுத்தாலும் அதைவிட இவர்கள்தான் அதிகம். இவர்கள் ப்ரைமரி அன்று வாக்குச்சாவடிக்குப் போய், இரண்டில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அங்கேயே சொல்லலாம். சீட்டு வாங்கியதும் அந்தக் கட்சியின் உறுப்பினராகப் பதிவாகிவிடும். ஓட்டுப் போட்ட பிறகு இன்னொரு மேசையில் கையெழுத்துப் போட்டு, மறுபடி அன்டிக்ளேர்ட் ஆகிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 2000-ல் குடியரசுக் கட்சி ப்ரைமரியில் ஜான் மெக்கெய்ன் இங்கே ஜார்ஜ் புஷ்ஷைத் தோற்கடித்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர் தேர்தல் அன்று வந்து குடியரசுக் கட்சிச் சீட்டைக் கேட்க முடியாது. ஜனநாயகக் கட்சிக்காரர்களை உள்ளே விடுகிறார்கள் என்று டிரம்ப் அந்த ஜனவரி முழுக்க மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை. உள்ளே போக நினைத்தவர்கள் என்னைப் போல அக்டோபரிலேயே பதிவை மாற்றியிருக்க வேண்டும். அப்படி மாற்றிக்கொண்டவர்கள் மாநிலம் முழுக்கச் சேர்த்தே சில ஆயிரம் பேர்தான்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “என்னடி, கட்சி மாறிட்டியா?” என்றார். அதிர்ச்சி குரலிலேயே தெரிந்தது. எங்கள் ஊரில் கட்சி மாறுவது என்றால் பொன்னாடை, மாலை, பத்திரிகையில் படம். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது தலைமையின் வேலை. இரவில் பட்டியல் வரும், காலையில் சுவரில் பெயர் இருக்கும். இங்கே அந்தப் பட்டியலையே பொதுமக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அந்த ஓட்டுக்காகத்தான் மாறினேன், நவம்பர் பொதுத் தேர்தலில் யாருக்குப் போடுவேன் என்பது வேறு விஷயம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அப்போ அவங்க வீட்டு மாப்பிள்ளையை நீ போய்த் தேர்ந்தெடுக்கிறியா?”

எனக்குள் இருந்த தயக்கமும் அதேதான். இன்னொரு வீட்டு முடிவில் நான் ஏன் தலையிட வேண்டும்?

கட்சி தாண்டி ஓட்டுப் போடுவதில் இரண்டு வகை இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருப்பவர்களில் யார் அதிபரானால் நாடு தாங்கும் என்று பார்த்து, அவருக்குப் போடுவது ஒன்று. யார் நின்றால் நம் ஆள் சுலபமாக ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே பலவீனமானவருக்குப் போடுவது இன்னொன்று. 2008-ல் ரஷ் லிம்பா தன் வானொலி நிகழ்ச்சியில் குடியரசுக் கட்சி நேயர்களைத் தூண்டிவிட்டது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் நடந்த சண்டை இழுத்துக்கொண்டே போகட்டும், ஹிலாரிக்குப் போடுங்கள் என்றார்.

அதன் இன்னொரு வடிவத்தை எங்கள் மாநிலத்திலேயே பார்த்தேன். 2022 செனட் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி ப்ரைமரியில் டான் போல்டக், சக் மோர்ஸ் இருவருக்கும் நெருக்கமான போட்டி. மோர்ஸ் மிதவாதி, நவம்பரில் ஜெயிக்க வாய்ப்புள்ளவர். ஜனநாயகக் கட்சிக்கு வேண்டிய குழு ஒன்று லட்சக்கணக்கான டாலர் செலவழித்து மோர்ஸைத் தாக்கி விளம்பரம் போட்டது. போல்டக் மயிரிழையில் ஜெயித்து, நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் மேகி ஹாசனிடம் தோற்றார். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று என் நண்பர்கள் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. 2020 தேர்தலே திருடப்பட்டது என்று பேசிவந்தவர் போல்டக். கணக்கு கொஞ்சம் பிசகியிருந்தால் ஆறு வருடத்துக்கு அவர் எங்கள் செனட்டர். ஜெயித்தால் நமக்குத் தாங்காது என்று தெரிந்த ஒருவருக்கு ஓட்டுப் போட என் கை வராது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதில் தெளிவாக இருந்தேன். போடுவதாக இருந்தால் முதல் வகை மட்டும்தான்.

டிசம்பரில் கேள்வி இன்னும் சிக்கலானது. ஜனநாயகக் கட்சி ஏற்கெனவே முதல் ப்ரைமரியை சவுத் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. நாட்டிலேயே முதலில் நடத்த வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம், அதனால் இங்கே ஜனவரி 23 என்று அறிவித்தார்கள். கட்சி அதை ஏற்கவில்லை, பைடன் மனுவே போடவில்லை. பதவியில் இருக்கும் அதிபரின் பெயர் அவர் கட்சிச் சீட்டில் இல்லை. ஆதரவாளர்கள் பெயரைக் கையால் எழுதச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். தெரிந்த பெண்மணி ஒருவர் வீட்டுக்கே வந்து, “நீங்கள் அங்கே போய்விட்டால் இங்கே எழுதுவதற்கு யார் இருப்பார்கள்?” என்று கேட்டார். பத்து வருடமாகப் பழக்கம். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பைடன் இங்கே எப்படியும் ஜெயிப்பார், அந்தப் பக்கம்தான் என் ஓட்டுக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண்மணிக்கே ஒரு அழைப்பு வந்தது. பைடனின் குரல். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடாதீர்கள், உங்கள் ஓட்டை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் குரல் அது. ப்ரைமரியில் போட்டால் நவம்பரில் போட முடியாது என்பதும் பொய். அரசியல் ஆலோசகர் ஒருவர் ஏற்பாடு செய்தது என்று பிறகு தெரிந்தது, அவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்மணி என்னை அழைத்து, “இது நிஜமாகவே அவரா?” என்று கேட்டபோது குரல் நடுங்கியது. இல்லவே இல்லை, செவ்வாய்க்கிழமை கண்டிப்பாகப் போங்கள் என்றேன். நான் அவர் கட்சிச் சீட்டை வாங்கப் போவதில்லை, ஆனால் அவர் அதை வாங்கியே தீர வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் கணவரும் போனோம். பள்ளி உடற்பயிற்சிக் கூடம்தான் வாக்குச்சாவடி. வெளியே பனிக்குவியலுக்குப் பக்கத்தில் பதாகைகளோடு நின்றவர்கள் கால் மாற்றி மாற்றிக் குளிரைச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி வரிசைகள். மேசையில் இருந்த வயதான அம்மா என் அட்டையைப் பார்த்து, பெயரை உரக்கப் படிக்க முயன்றார். பாதியில் நிறுத்தி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பட்டியலில் என் வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

“எந்தக் கட்சியின் சீட்டு?”

மூன்று மாதமாகத் தயாரான பதில். இருந்தும் தொண்டையில் நின்றது. “ரிபப்ளிகன்” என்றேன். எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது, மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஸ்கேலை ஒட்டி என் வரியில் குறித்துவிட்டுச் சீட்டை நீட்டினார்.

சீட்டில் 24 பெயர்கள். ஏற்கெனவே விலகிவிட்ட கிறிஸ் கிறிஸ்டி இருந்தார், இரண்டு நாள் முன்பு விலகிய டிசாண்டிஸ் இருந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமியின் பெயரும் இருந்தது. இவ்வளவு தூரத்தில் ஒரு வாக்குச்சீட்டில் ‘ராமசாமி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் பேனா ஒரு கணம் நின்றது. அவர் கருத்துகளில் எதுவும் எனக்கு உடன்பாடில்லை, அயோவா மாநில வாக்கெடுப்புக்குப் பிறகு விலகியும் விட்டார். ஆனாலும் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். அப்புறம், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியின் பெயருக்கு நேரே இருந்த நீள்வட்டத்தை முழுதாக நிரப்பினேன். கருக்கலைப்பு, வரி என்று பலவற்றில் அவர் எனக்கு எதிர்ப்பக்கம். ஆனால் தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வார், உக்ரைனைக் கைவிட மாட்டார் என்று நம்பினேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

சீட்டை இயந்திரத்தில் செலுத்திவிட்டு, வாசல் பக்கம் இருந்த மேசைக்குப் போனேன். அன்டிக்ளேர்ட் நிலைக்குத் திரும்புபவர்களின் வரிசை அது. எனக்கு முன்னால் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். கணவருக்கு எட்டரை மணிக்கு மீட்டிங். “நீ போட்டுட்டு வா, நான் கிளம்புறேன்” என்று போய்விட்டார். அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே உறைக்கவில்லை. அவர் ஆரம்பத்திலிருந்தே அன்டிக்ளேர்ட், என்னைப் போல எங்கேயும் போய் எதையும் மாற்றியவரில்லை. அதனாலேயே தன் பதிவு மாறியிருப்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு முடிவு வந்தது. டிரம்ப் 54 சதவீதம், ஹேலி 43. ஹேலிக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் கட்சி சாராதவர்கள் என்றன கருத்துக் கணிப்புகள். பைடன் பெயர் அச்சில் இல்லாமலேயே, கையால் எழுதிய ஓட்டுகளில் சுலபமாக ஜெயித்தார். ஹேலி மார்ச் 6-ல் விலகும்வரை அவர் ஜெயித்தது வாஷிங்டன் டிசியும் பக்கத்து மாநிலமான வெர்மான்டும் மட்டும்தான். வெர்மான்டில் கட்சிப் பதிவே கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்தச் சீட்டையும் கேட்கலாம். நான் போட்ட ஓட்டு வீண் என்று பலர் சொன்னார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேலானவர்கள் டிரம்ப் வேண்டாம் என்று சொன்னது எண்ணிக்கையில் பதிவாகியிருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது. அதை நான் வீணாக நினைக்கவில்லை.

செப்டம்பர் 10-ல் மாநில ப்ரைமரி. ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஜாய்ஸ் கிரெய்கும் சிண்டி வார்மிங்டனும் மோதினார்கள். எங்கள் தொகுதியில் அதே கட்சியில், நாஷுவாவில் பிறந்த மேகி குட்லேண்டர் நாடாளுமன்றக் கீழவைக்கு நின்றார். இந்த இரண்டு போட்டிகளைப் பற்றித்தான் கோடை முழுக்க வீட்டில் பேச்சு. கணவர் குட்லேண்டரின் கூட்டத்துக்கே போய்வந்தார். அதே உடற்பயிற்சிக் கூடம், அதே மேசை. நான் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். அவரிடம் எதுவும் கேட்காமலேயே குடியரசுக் கட்சிச் சீட்டை நீட்டினார்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்சி. ஜனவரியில் போடாத கையெழுத்து. மாற்றிக்கொள்வதற்கான கெடு ஜூன் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது.

போடாமல் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. ஆளுநர் பதவிக்கு நின்ற கெல்லி அயோட், சக் மோர்ஸ் இருவரைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்ததாகவும், இரண்டு பேரில் யார் வந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்து ஒருவருக்குப் போட்டதாகவும் காரில் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மதிய உணவு நேரத்தில் நகர மன்றத்துக்குப் போய், நான் முந்தைய வருடம் வாங்கிய அதே படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.