ஹெவி லைசென்ஸ்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது முதல் பேச்சே "டிரைவர் கிடைக்கறதில்லைங்க" என்பதுதான். கல்யாணப் பந்தியில் கேட்கிறேன், பாடி கட்டும் பட்டறையில் கேட்கிறேன், வீட்டுத் திண்ணையில் என் மாமனார் வாயிலிருந்து தினமும் கேட்கிறேன். எங்களுக்கு இருப்பது மூன்று வண்டி. அதில் ஒரு டாரஸ், அதாவது பத்துச் சக்கர லாரி, மாதக்கணக்கில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிற்கிறது. டியூ மட்டும் மாதாமாதம் போகிறது. அதனால் இது எனக்கு ஊர்க்கதை இல்லை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பிரச்சினை.

ஆனாலும் பற்றாக்குறை என்கிற பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காலை ஏழரை மணிக்குத் திருச்செங்கோடு ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலேஜ் பஸ், ஸ்கூல் பஸ் என்று மஞ்சள் மஞ்சளாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்டியரிங்கிலும் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் பலர் பம்பாய் லைனும் கல்கத்தா லைனும் ஓடியவர்கள். எங்கள் வண்டியில் பல வருஷம் ஓட்டிய அண்ணன் ஒருவரும் அங்கேதான் இருக்கிறார். உழவர் சந்தையில் பார்த்தபோது கேட்டேன், திரும்பி வருவீர்களா என்று. "காசு கம்மிதானுங்க அம்மணி. ஆனா பொண்ணு பத்தாவது படிக்கறா. ராத்திரி நான் வீட்ல இருக்கேன்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. லைசென்ஸையும் தூக்கிப் போடவில்லை. லாரியிலிருந்து மட்டும் இறங்கிவிட்டார்.

டெல்லியில் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். 2019ல், எட்டாம் வகுப்பு படித்தவருக்குத்தான் போக்குவரத்து வாகன லைசென்ஸ் என்ற விதியை எடுத்தார்கள். நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் குறைகிறார்கள், அதை நிரப்ப இது உதவும் என்றார்கள். படிப்பு இல்லாதவர்களுக்கு வழி திறந்தது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2025லும் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னது அதே 22 லட்சம். இப்போது 4,500 கோடி ரூபாயில் 1,600 பயிற்சி நிலையங்கள் என்கிறார்கள். பயிற்சி பெற்று இந்தப் பக்கம் வருகிறவர், சில வருஷத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கோ ஜே.சி.பி.க்கோ போய்விட்டால் இந்த எண்ணிக்கை எப்படி இறங்கும்?

ஏன் போகிறார்கள் என்பது நான் எழுதும் நடைக் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வருவதைத்தான் நாங்கள் ஒரு நடை என்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது நான்தான். வண்டி வந்து நின்றதும் டீசல் பில், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாமூல் என்று டிரைவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைப்பார். நான் எழுதுவேன். எல்லா நோட்டிலும் இருக்கும் வரவு செலவோடு, எங்கள் நோட்டில் நான் இன்னொரு பத்தியும் போட்டிருக்கிறேன். வண்டி எங்கே, எப்போது வந்து நின்றது, எப்போது கிளம்பியது என்று.

சமீபத்து நடை ஒன்றைச் சொல்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி லோடு, போக வேண்டிய இடம் பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டி. மகாராஷ்டிராவில் விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள் என்பதால் நம் பக்கத்துச் சரக்குக்கு அங்கே எப்போதும் கிராக்கி. திங்கட்கிழமை ராத்திரி வண்டி எடுத்தவர் பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே என்று ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வியாழக்கிழமை மத்தியானம் கிடங்கு வாசலில் நிறுத்தினார். டோக்கன் கொடுத்தார்கள். சரக்கு இறங்கியது சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை ரிட்டர்ன் லோடு கிடையாது. திங்கட்கிழமை காலி வண்டியாக நாசிக் பக்கம் போய், வெங்காயம் ஏற்றிக் கிளம்பும்போது செவ்வாய் ராத்திரி. போகும்போது ஓடிய நேரத்தைவிட அங்கே நின்ற நேரம் அதிகம்.

நின்ற அந்த நாட்களுக்கு டிரைவருக்கு என்ன சம்பளம்? ஒன்றுமில்லை. இங்கே படி என்பது நடைக்குத்தான், வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று. நடை மூன்று நாளில் முடிந்தாலும் பத்து நாளில் முடிந்தாலும் அதே படி. ஆக, கிடங்கில் லோடுமேன் வரவில்லை என்றால் அந்த நஷ்டம் கிடங்குக்காரருக்கு இல்லை, சரக்கு அனுப்பியவருக்கு இல்லை, வாசலில் நிற்கிற டிரைவருக்கு.

சும்மா நிற்பது ஓய்வு என்று சிலர் நினைக்கிறார்கள். வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால் வண்டியை விட்டுப் போக முடியாது. போனால் டேங்கில் டீசல் இருக்காது, பேட்டரி இருக்காது. நல்ல கக்கூஸ் கிடையாது. கேபின் நெருப்பாகக் கொதிக்கும். வண்டி நிழலிலேயே ஸ்டவ் வைத்துச் சோறாக்கி, ராத்திரி இஞ்சின் பக்கத்துப் பலகையில் படுத்து, நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வண்டியை இருபதடி நகர்த்த வேண்டும். "டோக்கன் நம்பர் வந்திருச்சு அம்மணி, உள்ள போனா ஆளில்லைங்கறாங்க. நாளைக்குக் காலைல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று அவர் போனில் சொல்லும்போது குரலில் கோபம்கூட இருக்காது. பழகிப்போன குரல் அது. எனக்கு அதுதான் தாங்காது.

பத்து வருஷத்தில் ரோடு எவ்வளவோ மாறிவிட்டது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் செக்போஸ்ட் வரிசை போனது. ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோலில் நிற்பது குறைந்தது. இப்படி மிச்சமான நேரத்தில் ஒரு மணி நேரமாவது டிரைவரின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. "முன்னாடி நாலு நாள் ஆச்சு, இப்ப மூணு நாள்ல குடுங்க" என்று சரக்குக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் நிற்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் ஒன்று பாருங்கள். சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில்லில் அரசாங்கம் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் கெடு கொடுக்கிறது. லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸில் எங்களிடம் கேட்பது அதைப் போல இரண்டு மடங்கு.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. நீண்ட தூரம் என்று அனுமதி வாங்கினாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54, அதற்கு மேல் கூடாது என்றது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91வது பிரிவும் லாரி ஓட்டுபவருக்கு அந்த நேரக் கணக்கையே சொன்னது. ஒரே டிரைவரை வைத்து பம்பாய்க்கு மூன்று நாளில் சரக்கு கொடுக்கும் எந்த வண்டியும் இந்தக் கணக்குக்குள் ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஒரே டிரைவர்" என்று எழுதும்போதே கிளீனர் ஞாபகம் வருகிறது. இந்தத் தொழில் தன் கையாலேயே செய்துகொண்ட பெரிய கேடு கிளீனரை நிறுத்தியதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் நல்ல டிரைவர் யாரையும் கேளுங்கள், கிளீனராக ஏறியவராகத்தான் இருப்பார். தார்ப்பாயைத் தண்ணீர் இறங்காமல் மடித்துக் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்த்தே காற்றுக் குறைவைச் சொல்வது, ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுப்பது, எந்த ஊரில் யாரிடம் எப்படிப் பேசுவது, இந்தி, கன்னடம் எல்லாம் அந்த இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை. ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் டிரைவர் "கொஞ்ச தூரம் பிடிடா" என்று ஸ்டியரிங்கைக் கொடுப்பார். டிரைவர்கள் வளர்ந்த நாற்றங்கால் அந்த சீட்.

பவர் ஸ்டியரிங் வந்தது, ரோடு நாலு வழி ஆனது, இனி கிளீனர் எதற்கு, அவன் படி மிச்சம் என்று ஒவ்வொரு வீடாக நிறுத்தினோம். ஒரு ஆள் செய்த வேலையும் டிரைவர் தலையில் விழுந்தது. பேச்சுத் துணையும் போயிற்று. புதிதாக டிரைவர் உருவாகும் வழியும் அதோடு அடைந்தது.

அதன் பலனைத் தொப்பூர்க் கணவாயில் பார்க்கலாம். பெங்களூர் பக்கமிருந்து சேலம் வரும் வண்டிகள் இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாரத்தோடு இறங்கும் வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி, அது சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்தவை பல. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது கிளீனருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். அது தெரிந்தவரும் நியூட்ரலில் விடுகிறார் என்றால் காரணம் காசு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் கணக்குப் பேசி டீசல் கொடுக்கும்போது, மிச்சம் பிடிக்கும் டீசல்தான் அவருக்கு உண்மையான வருமானம். கண்ணியமான சம்பளம் இருந்தால் எவனும் தொப்பூரில் உயிரை வைத்து ஒரு லிட்டர் மிச்சம் பிடிக்க மாட்டான்.

பயமும் ஒரு காரணம். கவனக்குறைவாக ஓட்டி ஆள் இறந்து, சொல்லாமல் ஓடிவிட்டால் 10 வருஷம் வரை ஜெயில் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு வந்தபோது, 2024 ஜனவரியில் வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு ஜூலையில் மற்றவற்றை அமலாக்கினார்கள். அடிபட்டவரை விட்டு ஓடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கூட்டம் சேர்ந்தால் யார் மேல் தப்பு என்று பார்க்காமல் லாரிக்காரனைத்தான் அடிக்கும் என்பது ரோட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவிலும் இதே பேச்சு உண்டு. 2021ல் அங்குள்ள லாரி நிறுவனங்களின் சங்கம் 80,000 டிரைவர்கள் குறைகிறார்கள் என்றது. அதற்கு முன்பே 2019ல் ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாக்கோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், டிரைவர் வேலையும் மற்ற வேலைகளைப் போலத்தான், கூலி ஏறினால் ஆள் வருவார்கள் என்று எழுதியிருந்தார்கள். அங்கே மைலுக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் நிற்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. நம் படிக் கணக்கேதான்.

சரி, ஓனர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்களா? இல்லை. நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள் எங்களைப் போல நாலைந்து வண்டிக்குள் வைத்திருப்பவர்களுடையவை. வாடகையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ் போக மிச்சம் என்ன என்று கணக்கு எழுதும் எனக்கே தெரியும். 2018ல் அரசாங்கம் ஆக்ஸில் லோடு, அதாவது ஒரு அச்சு சுமக்கலாம் என்ற எடை வரம்பை ஏற்றி, டாரஸின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனபோது, அதே சரக்குக்கு வண்டி குறைவாகப் போதும் என்றாகி வாடகை இன்னும் படுத்தது. லோடு இல்லாமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கிற ஊரில் டிரைவர் பஞ்சம் என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. நிஜமாகவே பஞ்சம் என்றால் டிரைவர் படியும் வாடகையும் ஏறியிருக்க வேண்டுமே.

வண்டி நிற்கும் நாளுக்குச் சரக்குக்காரரிடம் ஹால்டிங் காசு கேட்கலாம் என்று என் மாமனாரிடம் சொன்னால், "ஹால்டிங் காசு நம்ம கேட்டா அடுத்த லோடு பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போயிரும்மா" என்கிறார். தப்பில்லை, போகும். அதனால்தான் இது ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்து ஆகிற காரியம் இல்லை, சங்கம் மொத்தமாகச் செய்ய வேண்டும் என்கிறேன். இருந்தாலும் எங்கள் அளவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஒரு நாளுக்கு மேல் வண்டி நின்றால், கிடங்குக்காரர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் டிரைவருக்கு நாள் படி எங்கள் கையிலிருந்து போகிறது. மாமனார் முகம் சுளிக்கத்தான் செய்தார். மாதம் ஒரு தடவை நாலு நாளாவது வீட்டில் இருக்கும்படி நடையைப் பார்த்துப் போடுகிறோம். ஒரு வண்டிக்குக் கிளீனராகப் பையன் ஒருவன் ஏறியிருக்கிறான். எங்கள் டிரைவர் அண்ணனின் அக்கா மகன்தான். டூவீலர் பட்டறையில் இருந்தவன்.

சரக்குக்கு நாங்கள் போட்டுக் கொடுக்கும் ரசீதான எல்.ஆர். புத்தகம் தீர்ந்து புதிதாக அச்சடித்தபோது அடியில் இரண்டு கட்டம் சேர்த்தேன்: வண்டி வந்து நின்ற நேரம், சரக்கு இறங்கி முடிந்த நேரம், பக்கத்தில் கிடங்குக்காரர் கையெழுத்து. அநேக இடங்களில் போட மாட்டேன் என்கிறார்கள். டிரைவரைத் திட்டி அனுப்பிய இடமும் உண்டு. புனேயில் ஒரு கிடங்கில் மட்டும் மறுபேச்சில்லாமல் இரண்டு நேரத்தையும் எழுதி சீல் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகலை வைத்து, ஹால்டிங் கேட்டு சரக்கு அனுப்பியவருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.