ஒரே மலை, இரு நகரங்கள்: இத்தாலி நாட்குறிப்பு

நவம்பர் 21, 2024, பொம்பேயி

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, முதலில் நுரைக்கற்கள் மணிக்கணக்கில் பொழிந்து இந்நகரின் கூரைகளை இடித்தன. மறுநாள் காலை மலையிலிருந்து பாய்ந்துவந்த கொதிசாம்பலில், வெளியேறாமல் தங்கியிருந்தோர் மாண்டனர். உடல்கள் மட்கியபின் சாம்பலுக்குள் எஞ்சிய வெற்றிடங்களில் ஜிப்சக் கூழை ஊற்றி, இறந்தவர்களின் உருவங்களை வார்த்தெடுக்கும் முறையை 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி கையாண்டார். பொற்காப்பு அணிந்திருந்ததால் ‘தாய்’ என்றும், அருகிலிருந்ததால் ‘சேய்’ என்றும் நெடுங்காலம் உருக்கமாகச் சொல்லப்பட்டுவந்த இருவரில் பெரியவர் ஓர் ஆண் என்றும், அவருக்கும் குழந்தைக்கும் இரத்த உறவில்லை என்றும் மரபணு ஆய்வொன்று இம்மாதம்தான் அறிவித்திருக்கிறது. நகை அணிந்தவர் பெண்ணாகவே இருப்பார் என்பது நாம் அவர்கள்மேல் ஏற்றிய எண்ணமே.

அழிவு நேர்ந்தது ஆகஸ்ட் 24 என்பது பழைய கணக்கு. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரியெழுத்தோ அக்டோபர் 17ஐக் குறிக்கிறது. கரி எளிதில் அழியுமாதலால் அது அழிவு நேர்ந்த ஆண்டிலேயே எழுதப்பட்டது, எனவே அழிவு அந்நாளுக்குப் பின்னரே என்பர். எழுத்தில் ஆண்டு இல்லாததால் வழக்கு முடிந்தபாடில்லை.

நவம்பர் 22, ஹெர்குலேனியம்

பொம்பேயியைவிடச் சிறியதாயினும் இதுவே என்னை அதிகம் நிற்கவைத்தது. இன்றைய எர்கோலானோவின் குடியிருப்புகள் மேலே நிற்க, பண்டைய ஊர் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் கிடப்பதால், சரிவுப்பாதையில் இறங்கித்தான் சேர வேண்டும். காற்று தென்கிழக்காக வீசியதால் நுரைக்கல் மழைக்குப் பெரிதும் தப்பிய இவ்வூரை, இரவில் கொதிசாம்பல் நேரடியாகத் தாக்கியது. அந்த வெப்பத்தில் மரம் கரியாகி, காற்றுப் புகாத படிவத்துக்குள் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு வீட்டுக் கூடத்தை மறைத்த மடிப்புத் தட்டியும், திராட்சைமதுக் கடையில் சாடிகளை அடுக்கிய மரப்பரணும் இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. பொம்பேயியில் சுவர்களைப் பார்த்தேன். இங்கே வீடுகளைப் பார்த்தேன்.

எலும்புகள் மிகக் குறைவாகவே கிடைத்ததால், மக்கள் பெரும்பாலும் தப்பிவிட்டதாகவே முன்பு கருதினர். 1980 முதல் கடற்கரையோர வளைவறைகளைத் தோண்டியபோதுதான், படகுகளுக்காகக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இப்போது அங்கே வைத்திருப்பவை பிரதிகளே என்று தெரிந்திருந்தும், வாயிலில் நெருக்கியடித்துப் படமெடுத்தவர்களோடு சேர மனம் வரவில்லை.

நவம்பர் 23, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்

நான் தேடிச் சென்றது, 1938இல் பொம்பேயியில் தொல்லியலாளர் அமெதியோ மையூரி கண்டெடுத்த, ஏறக்குறைய 25 செ.மீ. உயரமுள்ள இந்தியத் தந்தச் சிற்பத்தை. கழுத்திலும் கைகளிலும் அணிகள் நிறைந்த பெண்ணின் இருபுறமும் ஒப்பனைப் பொருள்களை ஏந்திய சிறு சேடியர் நிற்கின்றனர். ‘பொம்பேயி லட்சுமி’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், இது வளமையின் பெண் தேவதையான ஒரு யட்சியே என்போரின் வாதம்தான் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. தலையிலுள்ள துளையைக் கொண்டு, கண்ணாடியின் கைப்பிடியாகவோ மேசைக்காலாகவோ இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர்.