சட்டம் மறைத்த அரை அங்குலம்

கீழக்கரையில் பழைய வீடு ஒன்றை இடித்தால் அதன் நிலைக்கதவு, உத்திரம், சுவர்க்கடிகாரம், பீங்கான் என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கை மாறி, சாலையோரப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேரும். அப்படி ஒரு கடைக்கு நான் போனது ஜன்னல் கொக்கி தேடி. தூக்கி வந்தது ஒரு படம்.

ஒன்றரை அடி உயரம், கறுத்துப்போன தேக்குச் சட்டம். உள்ளே ஓர் ஆள் நிற்கிறார். வெள்ளைக் கோட்டு, கைலி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், ஒரு கை குட்டி மேஜைமேல், பின்னால் நீலத் திரை.

"கையால வரைஞ்சது தம்பி, ஆயில் பெயிண்டிங். நூறு வருசம் இருக்கும்" என்று நாலாயிரத்தில் ஆரம்பித்தார் கடைக்காரர்.

"ஆயில் பெயிண்டிங்குக்கு எதுக்கு பாய் கண்ணாடி?"

"கண்ணாடி போட்டா அழகு."

ஆயிரத்து ஐநூறுக்கு முடிந்தது. சட்டத்தின் தேக்குக்கே அந்த விலை தகும் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஊரான மண்டபத்துக்கு பஸ் ஏறும்போதே, இது வரைந்ததா, அச்சா, போட்டோவா என்ற குடைச்சல் தொடங்கிவிட்டது. அம்மாவின் குடைச்சல் வேறு: "யாரு வீட்டுப் பெரியவரோ. அவரை எதுக்குய்யா நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த?"

மறுநாள் வாட்ச் ரிப்பேர் கடையில், அவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கினேன். படத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே? அதனால் இன்னதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த சிலவற்றை முதலில் பார்த்தேன்.

சமையலறை காலண்டர் முருகன், சிவகாசி அச்சு. வெறும் கண்ணுக்கு வழவழப்பான கன்னம். லென்ஸில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள், வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூவாகக் கூடிக்கூடி நிற்கின்றன. ஆஃப்செட் அச்சு என்றால் இந்தப் பூ இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

நண்பன் வீட்டுப் பூஜையறையில் அவன் பாட்டி காலத்து லட்சுமி இருக்கிறாள். ரவிவர்மா படம் என்பார்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் கல்லச்சு அச்சகம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். நண்பன் வீட்டு லட்சுமியிலும் புள்ளி உண்டு, ஆனால் வரிசை கிடையாது. மணலை விசிறிவிட்டது மாதிரி பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கிறது. இந்த வகைப் படங்களில் சிலவற்றுக்கு மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ் துணிபோலச் சொரசொரப்பும் அழுத்திவிடுவார்கள். தடவிப் பார்த்து "ஓவியம்தான்" என்று ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

மூன்றாவது, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பாம்பன் பாலம். அசல் கேன்வாஸ் துணி, மேலே பிரஷ் இழுத்த தடம்கூட இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அலை ஒரு பக்கம் போகிறது, பிரஷ் தடம் இன்னொரு பக்கம் போகிறது. கம்ப்யூட்டரில் அடித்த படத்தின்மேல் நிறமில்லாப் பசையை இழுத்திருக்கிறார்கள். வரைந்தவன் கை என்றால் அலை வளைகிற இடத்தில் அதுவும் வளைந்திருக்குமே.

இத்தனை பார்த்துவிட்டு வந்து நம்ம ஆளின் கன்னத்தில் லென்ஸை வைத்தேன். பூவும் இல்லை, மணலும் இல்லை. வெளிச்சமும் நிழலும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாத வழவழப்பு. அப்படியென்றால் போட்டோ. மீசைக்கு நகர்ந்தால் அங்கே ஒவ்வொரு முடியும் தனித்தனி பிரஷ் கோடு. கோட்டுப் பொத்தான்கள் மேலே புடைத்து நிற்கும் வெள்ளைப் பொட்டுகள். அப்படியென்றால் ஓவியம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். பொத்தானுக்கு நிழல் விழுந்தது, முகத்தில் ஒன்றும் விழவில்லை.

அடுத்து நான் செய்ததை யாரும் செய்ய வேண்டாம். பின்பக்க ஆணிகள் உப்புக்காற்றில் துரு ஏறி, குறட்டால் பிடித்ததும் பொடியாகிவிட்டன. பின்னட்டைக்குள் திணித்திருந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. (ராமேஸ்வரத்துப் பக்கத்தில் அந்தப் பூச்சிக்கு இந்தப் பெயர் பொருத்தம்தான்.) மிஞ்சிய துண்டில் ஒரு விளம்பரம், விலை அணாவில். நயா பைசா வந்தது 1957-இல் என்பதால் தாள் அதற்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்க வேண்டும். ஆனால் அது தாளின் வயசு. சட்டம் போட்டவர் வீட்டில் பழைய பேப்பர் எத்தனை வருசம் கிடந்ததோ.

படத்தை வெளியே எடுத்ததும் பொறுமை போய்விட்டது. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து நீலத் திரையில் ஒரு தொடு தொட்டேன். குச்சி நீலமாகிவிட்டது. படத்தில் பாசிப்பயறு அளவுக்கு நீலம் போய், அடியில் பழுப்புச் சாம்பலில் திரையின் மடிப்பு தெரிந்தது.

விடை கிடைத்துவிட்டது: அடியில் போட்டோ, மேலே கையால் பூசிய நிறம். கை நடுங்கிக்கொண்டே படத்தை மேஜையில் வைத்தபோதுதான் விளிம்பைப் பார்த்தேன். நாலு பக்கமும் சட்டத்துக்குள் மறைந்திருந்த அரை அங்குலத்துக்கு நிறமே போடவில்லை. அதே பழுப்புச் சாம்பல். சாய்த்துப் பிடித்தால் கறுத்த இடங்களில் மட்டும் ஈயம் பூசியதுபோல ஒரு மினுக்கு. போட்டோவில் இருக்கும் வெள்ளி, ஈரக்காற்றுப் பட்டு வருசக்கணக்கில் மேலே கிளம்பினால் அப்படித்தான் மினுங்கும். தண்ணீர் தொடாமலே தெரிந்திருக்க வேண்டியது.

பாம்பனில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். லென்ஸ் எதுவும் கேட்கவில்லை.

"போட்டோ என்லார்ஜ்மென்ட்ல கலர் போட்டது. மூஞ்சில கை வைக்க மாட்டோம் தம்பி. வச்சா ஆளே மாறிப்போவாரு. மீசை, பொத்தான், சட்டை, திரை, இம்புட்டுத்தான். கண்ணுல ஒரு பொட்டு வெள்ளை வைப்போம். அது இல்லாட்டி உசிரில்லாத மாதிரி இருக்கும்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளை இருந்தது. இவ்வளவு நாளும் அதைத்தான் பார்வை என்று நினைத்திருக்கிறேன்.

அட்டையின் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் மசி ஊறிக் கலைந்து, 'கொழும்பு' என்ற ஒரு சொல் மட்டும் வாசிக்க முடிந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. இந்தக் கரையில் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர் இல்லாத தெரு குறைவு. படம் அந்த வழியாக வந்திருக்கலாம். ஆள் யார் என்பதற்கு ஸ்டாம்பில் ஒன்றும் இல்லை.

மேல்மூலையில் நகம் அளவுக்கு ஒரு தழும்பைப் பெரியவர் காட்டினார். ஈரத்தில் போட்டோவின் மேல்தோல் இளகிக் கண்ணாடியோடு ஒட்டி, எப்போதோ கண்ணாடி மாற்றியவர் கையில் உரிந்து வந்திருக்கிறது. கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, சுற்றிலும் அட்டைக் கீற்று கொடுத்துத் தள்ளிவைக்கச் சொன்னார். பிறகு நான் கெடுத்த இடத்தில் விரலை வைத்து, "இதுல நீலம் வச்சுத் தரவா?" என்று கேட்டார். கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது.

"வேண்டாம் ஐயா, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

கடல் பக்கம் பார்க்காத உள்சுவரில் மாட்டியிருக்கிறேன். பாய்க்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கையால வரைஞ்சதுன்னு நான் சொன்னது பாதி சரிதானே தம்பி?"

பாதி சரிதான்.