கை தூக்கித் தீர்க்க முடியாதது

ராமநாதபுரம் கடலோர ஊராட்சிகளில் செயலராக வேலை பார்த்தவன் நான். கிராம சபைத் தீர்மானங்களை எழுதுவது என் பொறுப்பு. தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு, மீன் உலர்களம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பெரும்பான்மைப்படியே எழுதியிருக்கிறேன். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. இன்று விளக்கு மேலத்தெருவுக்குப் போனால் அடுத்த கூட்டத்தில் கீழத்தெரு கேட்டு வாங்கிவிடும்.

ஓர் ஊரில் வேறு மாதிரி விஷயம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சில குடும்பமாக அங்கே இருந்தார்கள். கடல் தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் ஊர்க்கரையில் வல்லம் என்னும் மீன்பிடிப் படகை நிறுத்தக் கூடாது என்று ஒரு பேச்சு எழுந்தது. “கை தூக்கச் சொல்லுங்கள், எண்ணி எழுதிக்கொள்ளுங்கள் சார்” என்றார்கள்.

எண்ணினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்கள் மீன் போடுவது எதிரே உட்கார்ந்திருந்த வியாபாரிகளிடம்தான். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கியதும் அவர்களிடமே. பெண்கள் கூலிக்குப் போவது அவர்களுடைய கருவாட்டு வாடிகளுக்கு. தங்களுக்காகத் தாங்களே கை தூக்கக்கூட அவர்களால் முடியாது. இந்த ஆண்டு தோற்றால் அடுத்த ஆண்டும் தோற்பார்கள், அவர்கள் பிள்ளைகளும் தோற்பார்கள். கீழத்தெருவின் தோல்வி அப்படிப்பட்டதல்ல.

தலைவர் அம்மா வாக்கெடுப்புக்கே விடவில்லை. “கரை அரசுப் புறம்போக்கு. நமக்குச் சொந்தமில்லாததை யாருக்கு இல்லை என்று சொல்வது?” என்றார். ஊரில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். நான் பார்த்த தலைவர்களில் அவரை மிக உயர்வாக மதிக்கிறேன்.

“அப்படியானால் ஜனநாயகம் எதற்கு சார்?” என்று ஓர் இளைஞன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. நான் அக்கரையில் இருக்கும் இலங்கையைத்தான் காட்டினேன். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றதும் நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை பார்த்து நிறைவேறிய சட்டங்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. ஏட்டில் இருந்தும் காப்பாற்றவில்லை. இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் அந்தத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இந்தக் குடும்பங்களின் தாத்தாக்கள் அப்படி வந்தவர்கள். அங்கே கை தூக்கி அனுப்பினார்கள், இங்கேயும் கை தூக்கியே கரையை மறுப்பதா?

சுவிட்சர்லாந்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் ஆண்கள் திறந்தவெளியில் கூடி, கை தூக்கியே பெண்களுக்கு வாக்குரிமை மறுத்து வந்தார்கள். 1990இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது கிடைத்தது. உரிமை இல்லாதவர்களைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு எடுக்கும் எண்ணிக்கையை மக்கள் தீர்ப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

“அப்போது ஊருக்கென்று ஒரு சொல் வேண்டாமா?” என்றான் அவன். கட்டாயம் வேண்டும். வல்லங்களை எந்த வரிசையில் நிறுத்துவது, வலையை எங்கே காயப்போடுவது என்பதை ஊர் முடிவு செய்யலாம், அந்தக் குடும்பங்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில். அடுத்த கிராம சபையில் அதுதான் நடந்தது. முந்தி வரும் வல்லத்துக்கு முந்திய இடம் என்று தீர்மானமானது. அந்த இளைஞன் எதிர்த்துப் பேசினான். அவன் சொன்னதையும் புத்தகத்தில் எழுதினேன்.