சூடானால் நிற்கும் வண்டி: நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் அதே கதை. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் மருந்து வாங்க நிறுத்திய இடத்தில்தான். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி வலுவாக இருக்கிறது, ஆனால் ஒரு சிலிண்டர்கூடப் பற்றவில்லை. அப்பா முன் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "அவசரமில்லைப்பா" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அவரால் முடியவில்லை என்று அர்த்தம்.

பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சூடு இறங்கியதும் சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது.

மார்ச் 4

நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. எனக்குக் கொஞ்சமும் நிம்மதி இல்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. நல்லவேளை, அப்பாவை இறக்கிவிட்ட பிறகு. இந்த முறை ஒன்றைக் கவனித்தேன், அதை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

ஆர்பிஎம் முள், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது. வண்டி மூன்றாவது கியரில் உருண்டுகொண்டிருந்தது, கிளட்ச்சை மிதிக்கவில்லை. அதாவது சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் முள் ஒரே விழாக விழுந்து பூஜ்யத்தில் கிடந்தது. என் வண்டியில் அந்த முள்ளுக்குத் துடிப்பு வருவது பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து. எஞ்சின் சுற்றும்போதே முள் பூஜ்யம் என்றால், காயிலுக்குப் போகும் கரண்டை எதுவும் வெட்டி வெட்டி விடவில்லை. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் எஞ்சின் முதலில் திணறும், முள்ளும் வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கும். இது அப்படி இல்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றது.

மார்ச் 6

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கும் தம்பி, இல்லேன்னா சூட்டுல பெட்ரோல் ஆவியாகுது" என்றார். முள் விழுந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். அங்கே வரிசையில் நின்று முறை வருவதற்குள் எஞ்சின் குளிர்ந்துவிட்டது. அவர் கை வைத்தபோது வண்டி அருமையாக ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் இந்தக் கோளாறு இருக்காது, அதனால் அவர் எதைத்தான் பார்ப்பார்?

மார்ச் 7, சனி

அப்பாவை வாடகை வண்டியில் கூட்டிப்போனேன். என் வண்டியை நம்பி ஏற்ற மனம் வரவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

முழு நாளும் வண்டியோடு.

முதலில் குளிர்ந்த நிலையில் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தேன். காயிலின் பிரைமரி சுற்று 0.8 ஓம் (மீட்டர் ஒயர்களின் சொந்த எதிர்ப்பைக் கழித்த பிறகு, இவ்வளவு சிறிய அளவில் அதைக் கழிக்காவிட்டால் கணக்கு தப்பும்). செகண்டரி சுற்று ஏறக்குறைய 9,000 ஓம். இரண்டும் கையேட்டு அளவுக்குள். இக்னிஷன் ஆன் செய்தால் காயிலின் பாசிட்டிவில் பேட்டரி வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுதாக வருகிறது, அதனால் சாவி ஸ்விட்ச்சைச் சந்தேகப்பட வேண்டாம். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்கூட விழவில்லை, எர்த்தும் சரி.

மிச்சம் இரண்டு. மாட்யூல். பிக்கப் காயில்.

பழைய வண்டிகளில் காயிலின் கரண்டை வெட்ட காண்டாக்ட் பாயிண்ட் இருந்தது. தேயும், கருகும், இடைவெளி மாறும், ஆனால் கண்ணால் பார்த்துவிடலாம். கிரைஸ்லர் 1973 மாடல்களில் தன் அமெரிக்க கார்கள் எல்லாவற்றிலும் பாயிண்ட்டை எடுத்துவிட்டது, அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். பாயிண்ட் இருந்த இடத்தில் பல் வைத்த ஒரு சக்கரம், அதன் பக்கத்தில் காந்தத்தோடு ஒரு சிறு காயில், அதுதான் பிக்கப். பல் கடக்கும்போதெல்லாம் அந்தக் காயிலில் சின்னத் துடிப்பு பிறக்கும். அதைப் பார்த்து மாட்யூல் பெரிய காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டும். வெட்டிய அந்த நொடியில்தான் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்குக்குப் போகிறது. தேய்மானம் இல்லை. ஆனால் கெட்டால் வெளியே எதுவும் தெரியாது. எல்லாம் புதிது மாதிரியே இருக்கும்.

ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்கப் பிளக் ஒயரைக் கழற்றிக் காற்றில் விடக்கூடாது. வழி கிடைக்காத அழுத்தம் காயிலையும் மாட்யூலையும் துளைத்துவிடும். அதற்கென்று இருக்கும் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வந்தேன், அதன் கிளிப்பை எஞ்சினில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாயிண்ட்டுக்கு உப்புத்தாள் தேய்த்த நாட்களைப் பற்றி நிறையப் பேசினார். ரொம்ப நாளைக்கப்புறம் இவ்வளவு பேசினார்.

மார்ச் 10, செவ்வாய்

வண்டியில்தான் போனோம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. போய் வந்தாகிவிட்டது.

அங்கே காத்திருக்கும்போது புரிந்தது. அப்பா உள்ளே மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்துவிடுகிறது, அதனால் திரும்பும்போது எப்போதும் ஸ்டார்ட் ஆகிறது. மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் மாதிரி சின்ன நிறுத்தங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். எஞ்சின் நின்றதும் விசிறி இல்லை, காற்றோட்டம் இல்லை, தண்ணீரும் சுற்றுவதில்லை. உலோகத்தில் இருக்கும் சூடெல்லாம் மேலே ஏறி பானெட்டுக்குள் தேங்குகிறது. ஓடும்போது இருப்பதைவிட நின்ற பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு அதிகச் சூடு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கோளாறைப் பிடித்தாக வேண்டும்.

மார்ச் 11

பிடித்துவிட்டேன்!

நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி வந்து, பானெட்டை மூடியபடியே விட்டு வைத்து, அப்புறம் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். ஸ்பார்க் டெஸ்டரில் பொறி இல்லை. டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைக் காயில் நெகட்டிவிலும் வைத்து, தம்பியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கவே இல்லை.

ஆக காயில் குற்றமில்லை, பெட்ரோல் குற்றமில்லை. காயிலின் கரண்டை எதுவும் வெட்டி விடவில்லை. மாட்யூல் அல்லது பிக்கப். பிக்கப்பை அளக்க கனெக்டரைக் கழற்றினேன், எண் சரியாகவே காட்டியது. மாட்டிவிட்டு செல்ஃப் அடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. குளிர்ந்துவிட்டதா, கனெக்டரை அசைத்ததாலா? தெரியவில்லை. இதுதான் மனதைப் பிடுங்குகிறது.

மார்ச் 12, வியாழன்

அப்பாவுக்கு இன்று நடுவில் பிரஷர் இறங்கிவிட்டது. காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தார்கள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 13

மெக்கானிக் மாட்யூலை மாற்றினார். சூட்டில் செத்து, குளிர்ந்ததும் பிழைப்பது மாட்யூலின் குணம்தான், அதில் அவர் சொன்னது நியாயம். பழையதைக் கழற்றியபோது அதன் முதுகில் இருந்த பேஸ்ட் காய்ந்து தூளாகியிருந்தது. அந்தப் பேஸ்ட்தான் மாட்யூலின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது. அது இல்லாமல் புது மாட்யூலும் நிலைக்காது என்று நின்று பார்த்துப் பூச வைத்தேன்.

மார்ச் 14, சனி

ஓடியது. மருந்துக்கடையில் நிறுத்தினேன், திரும்ப ஸ்டார்ட் ஆனது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 15

ஓடுகிறது. ஆனாலும் கண் சாலையைப் பார்ப்பதைவிட முள்ளைத்தான் அதிகம் பார்க்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

முள் விழுந்தது.

அப்பாவோடு, மேட்டில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஏறிக்கொண்டிருக்கும்போது. பின்னால் லாரி. அதன் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. நியூட்ரலில் போட்டு ஓரமாக உருட்டி நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது, காத்திருக்கவே தேவையில்லை. அப்பா முழுவதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நீ இதுக்காக உடம்பக் கெடுத்துக்காத" என்றார்.

புது மாட்யூல் போட்டும் இப்படி. சூடு மட்டும் காரணமென்றால் சாவியைத் திருப்பியதும் ஏன் பிடித்தது? லேசாக மிதித்தேன், நின்றது. காலை எடுத்தேன், பிழைத்தது. படுத்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லேசாக மிதிக்கும்போது என்ன மாறுகிறது?

மார்ச் 18, காலை

வேக்கம் அட்வான்ஸ்.

விடியும் முன்னே எழுந்துவிட்டேன். லேசாக மிதிக்கும்போது கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சல் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் டப்பாவை இழுக்கும். அது உள்ளே இருக்கும் தட்டைத் திருப்பும், அதனால் ஸ்பார்க் கொஞ்சம் முன்னாலேயே விழும். பிக்கப் காயில் உட்கார்ந்திருப்பது அந்தத் தட்டின் மேல்! அதன் இரண்டு மெல்லிய ஒயர்களும் ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து வளைந்து நிமிர்கின்றன. இத்தனை வருஷம். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர்.

மார்ச் 18, மாலை

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் உள்ளே சுற்றும் ரோட்டரையும் கழற்றினேன். பிக்கப் கனெக்டரைப் பிரித்து மீட்டரை மாட்டினேன். எண் நிலையாக நின்றது. வேக்கம் ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு மெதுவாகத் திரும்பியது. மீட்டரில் எண் மறைந்தது. எல்லையற்ற எதிர்ப்பு. விட்டேன், எண் வந்தது. உறிஞ்சினேன், போனது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்து காட்டினேன். ஹேர் டிரையரால் சூடாக்கினால் தட்டு அசையாமலேயே எண் தாவுகிறது.

ஒயரின் மேலுறையில் கீறல்கூட இல்லை. விரலால் மெதுவாக இழுத்தால் ஒரே இடத்தில் மட்டும் ரப்பர் போல நீள்கிறது. உள்ளே செம்பு அறுந்திருக்கிறது, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்தால் அறுந்த முனைகள் தொடுகின்றன, சூட்டில் உறை இளகினால் விலகுகின்றன. 13ஆம் தேதி மாட்யூலை மாற்றியபோது ஒயர்களைத் தொட்டு அசைத்ததில் முனைகள் கொஞ்ச நாளைக்குச் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வண்டிக்காக மட்டும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

வாடகை வண்டி. அப்பாவின் எடை கூடியிருக்கிறது, அதாவது உடம்பில் தேங்கிய தண்ணீர். டாக்டர் பேச வேண்டும் என்கிறார், அடுத்த வாரம்.

மார்ச் 22, ஞாயிறு

பிக்கப் அசெம்ப்ளி நேற்று வந்தது. காலையில் ஆரம்பித்து இருட்டும்வரை.

டிஸ்ட்ரிபியூட்டரை எடுப்பதற்கு முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது, உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று இரண்டுக்கும் கோடு போட்டேன். கியர் பற்கள் சாய்வாக இருப்பதால் தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், அந்தத் திரும்பிய இடத்துக்கும் தனிக் கோடு. பின்னைத் தட்டி எடுத்து, ஷாஃப்ட்டை உருவி, பழையதைக் கழற்றினேன். பல்லுக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி 0.3 மி.மீ. வைத்தேன், பித்தளை கேஜால். இரும்பு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அளவைக் கை உணராது. இரண்டு ஒயரும் இடம் மாறாமல் பார்க்க வேண்டும். மாறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் துடிப்பு தலைகீழாகி டைமிங் தள்ளிப்போய்விடும். ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, தட்டைக் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்பார்க் சரியான நேரத்தில் விழுகிறதா என்று டைமிங் லைட்டால் பார்த்தோம்.

அப்பா லைட்டைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது, ஆனால் டைமிங் கோட்டை அவர்தான் முதலில் பார்த்தார். "இப்ப நில்லு, அதான்" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

இரண்டு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன், பானெட் மூடியபடி. இரண்டு இடத்திலும் உடனே பிடித்தது. மேட்டிலும் லேசாக மிதித்தேன். முள் விழவில்லை.

டாக்டர் பேசினார். எழுத விருப்பமில்லை.

மார்ச் 26, வியாழன்

இனி டயாலிசிஸ் வாரத்துக்கு நான்கு நாள்.

மார்ச் 27

ராத்திரி மழை பெய்திருந்தது, காலையில் ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தது. சூடானதும் சரியாகிவிட்டது. இது வேறு. இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், தொடவில்லை. கேப்பின் ஓரத்தில் நீலமாக ஒரு பொறி ஓடியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியது போல் கரிக்கோடு. துடைத்தால் போகாது, கேப்பை மாற்றியே ஆக வேண்டும். ரோட்டரும் சேர்த்து. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக அளந்தேன், நீளமான ஒயருக்கு எதிர்ப்பு கூடுதலாக இருப்பது இயல்பு, ஆனால் நான்காவது மற்றவற்றோடு ஒத்துப்போகவே இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்குள் கிளம்ப வேண்டும், அதனால் கேப்பை உலர்த்திவிட்டு இப்போதைக்கு மாட்டி வைத்திருக்கிறேன். புதுக் கேப், ரோட்டர், ஒயர் செட் மூன்றுக்கும் சொல்லியாகிவிட்டது, நாளை மதியத்துக்குள் வரும் என்றார்கள்.